ஐ ஆம் அமெரிக்கானோ

தென் கொரியாவுல தேஜொன்ங்கற ஊர்ல வந்து இறங்கி ரெண்டாவது வாரம்னு நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் லேப்ல எல்லாரும் கும்பலா காபி குடிக்கக் கிளம்புனோம். கொரியாவுல இது ஒரு சடங்கு மாதிரி, சாப்பிட்ட கையோட ஒரு ஐஸ் அமெரிக்கானோ வாங்கலேன்னா யாருக்கும் கால் லேப் பக்கம் திரும்பாது, பனி கொட்டுற ஜனவரியிலயும் அதே ஐஸ்தான். நான் ஒருத்தன் வெளிநாட்டுக்காரன் கூட இருக்கேனேன்னு எனக்காக எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டாங்க. முதல் ஆளு, "ஐ ஆம் அமெரிக்கானோ." அடுத்த ஆளு, "ஐ ஆம் லாத்தே." மூணாவதா நின்ன எங்க சுன்பே, அதாவது லேப் சீனியர், நிதானமா என்னைப் பாத்து, "ஐ ஆம் ஆல்சோ அமெரிக்கானோ. யூ?"

எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா என் வாயில ரெடியா இருந்த பதிலே "ஐ ஆம் டீ"தான். நம்ம ஊர் ஹோட்டல்ல நாலு பேரு உக்காந்தா "நான் காபி, நீ?" "நான் டீ"ன்னுதானே சொல்றோம், யாரும் யாரையும் டம்ளர்னு நினைச்சுக்கறதில்லையே.

கொரியன்ல அது "சொனுன் கொப்பியோ". சொ-ன்னா நான், மரியாதையோட சொல்ற நான். கொப்பின்னா காபி (அவங்களுக்கும் நம்ம பாட்டிமார் மாதிரி அந்த ஃப வராது, காப்பிதான்). நடுவுல ஒட்டியிருக்கற நுன்-ங்கறதுதான் எல்லா வம்புக்கும் காரணம். "என்னைப் பொறுத்தவரைக்கும்"னு நாம நீட்டி முழக்கிச் சொல்றதை அவங்க அந்த ஒத்தை எழுத்துல முடிச்சிடுவாங்க. அதாவது, என்னைப் பொறுத்தவரைக்கும், காபி. இதை இங்கிலீஷுக்குக் கொண்டு போகும்போது அந்த நுன்னை வைக்க எடமே இல்ல, பக்கத்துல கெடக்கறது "ஆம்", அதை எடுத்துச் சொருகிடறாங்க.

அன்னிக்குச் சாயந்திரமே லேப்ல எனக்கு ஒரு வேலை வந்து சேந்துச்சு. இந்தியாவுல எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்கங்கற நம்பிக்கையில, ஆராய்ச்சிப் பேப்பர் எல்லாத்தையும் பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிச்சுத் திருத்தித் தரணும்னு முடிவாச்சு. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல.

கொரியன் ஆட்களோட இங்கிலீஷைப் பத்தி யார்கிட்ட பேசுனாலும் முதல்ல வர்ற வார்த்தை வினைச்சொல்லைப் பத்திதான். கொரியன்லயும் தமிழ் மாதிரி வினை கடைசியில வரும், அதனால அவங்க "ஐ ரைஸ் ஈட்"னு சொல்லுவாங்களாமேன்னு கேப்பாங்க. நாலு வருஷமா கூட இருக்கேன், முழிச்ச நிலைமையில ஒருத்தர் கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை, ஹ்வேசிக்னு சொல்லுவாங்க, லேப் மொத்தமும் ராத்திரி சேந்து சாப்பிட்டுக் குடிக்கற அந்த விருந்துல, நாலாவது சோஜு பாட்டிலுக்கு அப்புறம் ஒருத்தர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு "ஐ யுவர் பேப்பர் டுடே ஆல் ரீட்"னார். கண்ணு கலங்கிப் போச்சு எனக்கு. பேப்பரைப் படிச்சதுக்காக இல்ல, எவ்ளோ அழகான தமிழ் வாக்கியம் அது!

மொழி ஆராய்ச்சிக்காரங்களுக்கும் இது ரொம்ப நாளா ஒரு இடிக்கற விஷயம். 1957-ல ராபர்ட் லாடோன்னு ஒருத்தர், தாய்மொழியும் கத்துக்கற மொழியும் எங்கெங்க வேறுபடுதோ அங்கதான் கஷ்டம் வரும்ங்கற மாதிரி ஒரு புத்தகம் போட்டார். அந்தக் கணக்குப்படி பாத்தா கொரியனும் இங்கிலீஷும் தலைகீழ், ஒவ்வொரு வாக்கியத்துலயும் வினை இடறி விழணும். ஆனா கிளாஸ்ரூம்ல படிச்சு வந்த ஆட்கள்கிட்ட அது நடக்கறது அபூர்வம். அதுக்காக வினையோட எடம் தாய்மொழியிலிருந்து வரவே வராதுன்னும் சொல்ல முடியாது. ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன ஜப்பான்காரங்களும் பிலிப்பைன்ஸ்காரங்களும் வயசான காலத்துல பேசுன பிட்ஜின் இங்கிலீஷை, அதாவது வேற வேற மொழிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சமாளிக்கறதுக்காகப் பேசுற உடைஞ்ச இங்கிலீஷை, பிக்கர்ட்டன், கிவோன்னு ரெண்டு பேர் 1976-ல எழுதுனாங்க. அதுல ஜப்பான்காரர் வினையைக் கொண்டு போய்க் கடைசியில வெப்பார், பிலிப்பைன்ஸ்காரர் வினையைத் தூக்கி முன்னால போடுவார், ரெண்டு பேருக்கும் அவங்கவங்க ஊர் மொழி அப்படி. 1903-ல முதல் கப்பல்ல நூத்துச் சொச்சம் கொரியாக்காரங்களும் அதே தோட்டங்களுக்குத்தான் போனாங்க. ஸ்கூல், புத்தகம், வாத்தியார் ஒண்ணுமில்லாம காதால மட்டும் கத்துக்கிட்டா வினை தன்னோட பழைய வீட்டுக்கே போயிடும்போல. சோஜுவும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் பண்ணுது.

இன்னிக்குக் கொரியாவுல ஸ்கூல் விடாது. 1997-லேர்ந்து மூணாங்கிளாஸ்லயே இங்கிலீஷ் ஆரம்பம். ஸ்கூல் முடிஞ்சா ஹாக்வோன், நம்ம ட்யூஷன் சென்டர் மாதிரி ஆனா நாலு மாடிக் கட்டடம். கடைசியில நவம்பர் மாசம் சுனுங்ங்கற காலேஜ் நுழைவுப் பரிட்சை. அதுல இங்கிலீஷ் பேப்பர் 45 கேள்வி, 70 நிமிஷம், முதல் 17 கேள்வி காதால கேட்டு எழுதணும், அந்த நேரத்துல சத்தம் வரக்கூடாதுன்னு நாடு முழுக்க சுமார் 35 நிமிஷத்துக்கு ஃப்ளைட் ஏறவும் விடமாட்டாங்க எறங்கவும் விடமாட்டாங்க. ஒரு பிள்ளை தப்பாக் கேட்டுடக் கூடாதுன்னு ஆகாயத்தையே நிறுத்தி வெக்கற ஊரு இது, இங்க போய் யாராச்சும் "ஐ ரைஸ் ஈட்"னு சொல்லுவாங்களா.

ஓ-ஹ்யொங்சிக்னு ஒரு வார்த்தையை எந்தக் கொரியன்கிட்ட சொன்னாலும் முகம் ஒரு மாதிரி ஆகும். அஞ்சு அமைப்புன்னு அர்த்தம். இங்கிலீஷ் வாக்கியம் எல்லாமே அஞ்சே அஞ்சு அச்சுல அடங்கிடும், எழுவாய் வினை, எழுவாய் வினை செயப்படுபொருள், இப்படின்னு மனப்பாடம். இதுல வேடிக்கை என்னன்னா, இந்த அஞ்சு கணக்கு ஆனியன்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1904-ல எழுதுன இலக்கணப் புத்தகத்துல இருந்து ஜப்பானுக்குப் போயி, அங்க பெருசா வேர் பிடிச்சு, ஜப்பான் வழியா கொரியாவுக்கு வந்த சரக்கு. இங்கிலாந்துல இன்னிக்கு அதைச் சொன்னா எத்தனை பேருக்குத் தெரியுமோ. இங்க நாப்பது வயசு இஞ்சினியர் கூட தூக்கத்துல எழுப்பிக் கேட்டா சொல்லுவார்.

இன்னொண்ணு அந்தச் சாய்கோடு. இதை முதல்ல பாத்தப்ப எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பக்கத்து சீட்டுத் தம்பி ஒரு இங்கிலீஷ் பேப்பரைப் படிக்கறான், பென்சிலால நாலு வார்த்தைக்கு ஒருக்கா ஒரு கோடு இழுக்கறான், கம்பி எண்ணுற மாதிரி. என்னடா இதுன்னு கேட்டா ஜிக்தொக் ஜிக்ஹேங்கறான். நேராப் படி, நேராப் புரிஞ்சுக்கோ. முன்னாடியெல்லாம் வாத்தியார்கள் இங்கிலீஷ் வாக்கியத்தோட வால்லேர்ந்து ஆரம்பிச்சு பின்னாலயே நடந்து வந்து தலையில முடிச்சு மொழிபெயர்ப்பாங்களாம், ஏன்னா கொரியன்ல அப்பத்தான் வரிசை சரியா வரும். நம்ம வாத்தியார்களும் அதேதான், "தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே"ன்னா "நேற்று"ன்னு கடைசி வார்த்தையில பிடிச்சு "வந்த"ன்னு பின்னாடி வந்து "மனிதன்"ல முடிப்பாங்க, விரலைப் புத்தகத்துல வெச்சு ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு. அந்த ரிவர்ஸ் கியரை உடைக்கத்தான் இந்தக் கோடு. ஒவ்வொரு துண்டையும் வந்த எடத்துலயே முழுங்கிடு, திரும்பிப் பாக்காதே.

சின்ன வாக்கியத்துல வரிசை சரியாயிடுச்சு, சரி. அப்ப தாய்மொழி எங்க போச்சுன்னா, பெரிய எடத்துல போய் உக்காந்துக்கிச்சு. ரெண்டு வாக்கியம் சேர்ற மூட்டுல.

இதை நான் கண்டுபிடிச்சது என் மானம் போனப்பதான். சுன்பேயோட ஒரு பேப்பர், நான் ரெண்டு நாள் உக்காந்து திருத்துனது. ஆர்ட்டிக்கிள் எல்லாம் போட்டேன், "தி"யும் "ஏ"யும் உப்பு மாதிரி தூவுனேன் (எனக்கும் அளவு தெரியாது, அது வேற கதை). அனுப்பியாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூ வந்துச்சு. ஒரு ரிவ்யூவர், அதாவது பத்திரிகைக்காகப் பேப்பரைப் படிச்சுப் பாக்கறவர், கேட்டிருந்தார், கரன்ட் கூடுனா ஃபிலிம் (சினிமா இல்ல, மெல்லிய படலம்) எப்படி மெலிசாகும், இதுக்கு என்ன பௌதிகம்னு விளக்க முடியுமான்னு. சுன்பே என்னைப் பாத்தார், நான் சுன்பேயைப் பாத்தேன். நாங்க அப்படி எழுதவே இல்லையே? திரும்பப் போய் பாத்தா, எழுதியிருக்கு. "தி ஃபிலிம் வாஸ் தின்னர் பிகாஸ் தி கரன்ட் இன்க்ரீஸ்ட்."

அவர் சொல்ல வந்தது, ஃபிலிம் மெலிசா இருந்ததனால கரன்ட் கூடுச்சு. கொரியன்ல காரணத்தைச் சொல்ற ஒட்டு, காரணத்தோட வால்ல ஒட்டும். "பிகா வாசொ, ஆன் காசொயோ", மழை வந்ததனால, போகல. பி மழை, வா வர்றது, சொ-ங்கறது நம்ம "தனால". அவர் மனசுல "ஃபிலிம் தின்னர் பிகாஸ்"ங்கறது ஒரு துண்டு, அதுக்கப்புறம்தான் மூச்சு விடுவார், அப்புறம் "கரன்ட் இன்க்ரீஸ்ட்". இங்கிலீஷ்ல பிகாஸ் முன்னால பாக்கும், பின்னால பாக்காது. ஒரே வார்த்தை, காரணமும் விளைவும் எடம் மாறிப் போச்சு. பேசும்போது இதைப் பிடிக்கறது சுலபம், "ஐ ஸ்லீப் லேட் பிகாஸ்..."னு நிறுத்திட்டு மூச்சு வாங்கி "ஐ கம் லேட்"னு சொல்லுவாங்க, அந்த நிறுத்தம் காட்டிக் குடுத்துடும். எழுத்துல நிறுத்தம் எங்க தெரியும்?

சரி, அவர் எழுதுனார். நான் ஏன் விட்டேன்? அஞ்சு தடவை அந்த வரியைப் படிச்சிருக்கேன். என் கண்ணும் அதைத் தமிழ்லதான் படிச்சிருக்கு. ஃபிலிம் தின்னா இருந்ததனால கரன்ட் ஏறுச்சு, ஆமா, சரியாத்தானே இருக்கு, அடுத்த வரி. ஒரு அமெரிக்கன் படிச்சிருந்தா அந்த எடத்துல வண்டி நின்னிருக்கும். எனக்கும் சுன்பேக்கும் ஒரே தண்டவாளம், நான் சல்லுனு போயிட்டேன்.

அன்னியிலேர்ந்து நான் தப்பைத் தேடறதை விட்டுட்டேன், எது எனக்கு ரொம்ப இயல்பா படுதோ அந்த வரியைத்தான் சந்தேகப்படறேன். தேடத் தேட நிறைய அகப்பட்டுச்சு.

"இன் கேஸ் ஆஃப்" ஒண்ணு. இன் கேஸ் ஆஃப் சாம்பிள் பி, இன் கேஸ் ஆஃப் கொரியா, இன் கேஸ் ஆஃப் மீ. எங்க லேப் பேப்பர்கள்ல பக்கத்துக்கு நாலு வரும். அது வேற ஒண்ணுமில்ல, அந்த காபிக் கடை நுன்தான் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு. கொரியன்ல முதல்ல எதைப் பத்திப் பேசப் போறோம்னு ஒரு பாயை விரிச்சுடணும், அப்புறம் அது மேல உக்காந்து விஷயத்தைச் சொல்லணும். "கோக்கிரினுன் கோகா கில்தா"ன்னு ஒரு வாக்கியம், இலக்கண கிளாஸ்ல அடிக்கடி வர்றது. யானைன்னு எடுத்துக்கிட்டா, மூக்கு நீளம். இங்கிலீஷ்ல "தி எலிஃபன்ட் ஹாஸ் எ லாங் ட்ரங்க்"னு யானையை மூக்குக்கு ஓனர் ஆக்கணும். அவங்களுக்கு அப்படி எதையும் சொந்தம் கொண்டாடத் தோணாது, "எலிஃபன்ட் இஸ் நோஸ் இஸ் லாங்"னு வரும். நமக்கும் "யானைக்கு மூக்கு நீளம்", கு போட்டுச் சமாளிக்கறோம், ஓனர்ஷிப் இல்ல.

அப்புறம் முடிவு கடைசியில வர்றது. கொரியன்ல ஒரு பழகுன பேச்சு இருக்கு, வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல வெச்சா இப்படி வரும்: கொரியப் பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்தாத்தான் தெரியும். வினையும், உண்டா இல்லையாங்கறதும், மரியாதையும் எல்லாம் கடைசி ரெண்டு அசையில இருக்கு, பாதியில எழுந்து போனா ஒண்ணும் புரியாது. இதே பழக்கம் பேராவுக்கும் ஏறிடுது. பின்னணி, காரணம், நிலைமை, எல்லாம் சொல்லி முடிச்சு, பாத்திரம் கழுவி வெச்சு, அப்புறம் கடைசி வரியில "எனவே எங்கள் முறை சிறந்தது". ரிவ்யூவர் முதல் வரியிலயே அதைத் தேடிக்கிட்டு உக்காந்திருப்பார். நான் படிச்சா, என்ன அழகா ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு வர்றாங்கன்னு தோணும்!

அந்தப் பழமொழியில இன்னொரு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு, கேட்டு*ப் பாத்தா*ல. கொரியன்லயும் அதே "பாரு"தான். "மொகோ பா"ன்னா சாப்பிட்டுப் பாரு. கண்ணால பாக்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு இங்கிலீஷ்காரனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும், கொரியனுக்கும் தமிழனுக்கும் ஒரு வினாடி கூட வேண்டாம். "செஞ்சு குடுங்க"ன்னா அவங்களும் குடுங்கன்னுதான் சொல்லுவாங்க. "ஒந்தாகோ ஹெச்சொயோ", வரேன்னு சொன்னாங்க, அந்த கோ அப்படியே நம்ம ன்னு. ஆர்டர் குடுக்கும்போது காபி ரெண்டு கப், தோசை ஒண்ணுங்கற அதே வரிசை, எண்ணு பின்னால. இதையெல்லாம் பாத்துட்டு கொரியன் தமிழ்லேர்ந்து வந்ததுன்னு வாட்ஸாப்ல சுத்துதே, அதை நான் நம்பல. ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர், 1886-ல இங்க இங்கிலீஷ் வாத்தியாரா வந்தவர், 1905-ல கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார், அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, சொந்தம்னு மொழியியல்காரங்க ஒத்துக்கற அளவுக்கு ஒண்ணும் தேறல. அம்மாவை ஒம்மான்னும் அப்பாவை அப்பான்னும் கூப்பிடறது குழந்தை வாய்க்கு எங்க வேணா வரும். வினை கடைசியில வர்ற மொழிகளுக்கு மத்த மூட்டுகளும் அதே மாதிரி அமையறது உலகம் பூரா உள்ள வழக்கம், ஜப்பானிஸ் துருக்கி எல்லாம் அப்படித்தான். சொந்தக்காரன் இல்லாட்டி என்ன, ஒரே வீட்டு பிளான்.

தப்பு தெரியாத எடம் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. "ஒஜே சான் செக்", நேத்து வாங்குன புக். விளக்கமெல்லாம் முன்னால, பெயர் பின்னால, நடுவுல ஹூ விச் தட் எதுவும் கெடையாது. இங்கிலீஷ்ல புக்கை முதல்ல வெச்சுட்டு அப்புறம் வால் கட்டணும். இதுல எங்க லேப் ஆட்கள் நிறையத் தப்பு பண்ணுவாங்கன்னு எதிர்பாத்தேன், ஒண்ணையும் காணோம். ஏன்னா அவங்க அந்த மாதிரி வாக்கியத்தை எழுதறதே இல்ல. "ஐ மெட் எ ப்ரொஃபசர். ஹி இஸ் ஃப்ரம் பூசான். ஹி கேவ் எ டாக்." துண்டு துண்டு, ஒவ்வொண்ணும் சரி. 1974-ல ஜாக்கலின் ஷாக்டர்னு ஒரு அம்மா இதையே எழுதியிருக்காங்க. சைனீஸ், ஜப்பானிஸ் மாணவர்கள் இந்த வகை வாக்கியத்துல அரபு, பாரசீக மாணவர்களை விடக் கம்மியாத் தப்பு பண்ணுனாங்க, காரணம் என்னன்னு பாத்தா அந்தப் பக்கமே அவங்க போகல, எடுத்ததே ரொம்பக் கம்மி. கொரியனும் வரிசையில அந்த ஜப்பானிஸ் கட்சிதான். தப்பை மட்டும் எண்ணுனா இவங்க கெட்டிக்காரங்க. சிவப்பு மை படாத பேப்பர்லதான் தாய்மொழி நல்லா கால் நீட்டிப் படுத்திருக்கு.

எல்லாத்தையும் தாய்மொழி தலையில கட்டவும் கூடாது. "டு யூ நோ வேர் இஸ் தி ரூம்?"னு கேப்பாங்க. கொரியன்ல கேள்வி வார்த்தை இருந்த எடத்துலயே இருக்கும், எதுவும் எடம் மாறாது. அப்ப இந்த "இஸ்" முன்னால குதிச்சது எங்கேர்ந்து? ஸ்கூல்லேர்ந்து. கேள்வின்னா திருப்பிப் போடுன்னு அடிச்சு சொல்லிக் குடுத்தாங்க, பிள்ளை கேள்வி வாசனை வந்த எடத்துல எல்லாம் திருப்பிப் போட்டுடுச்சு. அது இங்கிலீஷ் அதிகமா கத்துக்கிட்டதால வந்த தப்பு.

போன மாசம் வெளிநாட்டு ப்ரொஃபசர் ஒருத்தர் வந்திருந்தார். ஊர்ல எங்க சாப்பிடலாம்னு கேட்டார். நான்தான் லேப்போட இங்கிலீஷ் அத்தாரிட்டி, முன்னால நின்னு சொன்னேன், தேஜொன் ஸ்டேஷன் பக்கத்துல ரொம்பப் பேர்போன ரொட்டிக்கடை ஒண்ணு இருக்கு, பேரு சொங்சிம்தாங், இந்த ஊருக்கு வந்துட்டு அங்க போகாம யாரும் ஊர் திரும்பறதில்ல, ஸ்டேஷன்ல கூட பாதிப் பேர் கையில அந்தப் பைதான்னு. அவர் தலையாட்டிட்டுப் போயிட்டார். பக்கத்து சீட்டுத் தம்பி ஒரு பேப்பரை என் முன்னால நகத்துனான். நான் சொன்ன முதல் வாக்கியம் அதுல இருந்துச்சு, பென்சில்ல, அவனோட கோடுங்களோட.

"இன் தேஜொன் / ஸ்டேஷன் நியர்லி / ஒன் வெரி ஃபேமஸ் பேக்கரி / இஸ் தேர்."

"ஹ்யொங்"ன்னான், அண்ணேன்னு அர்த்தம், "இது எங்க ஊர் இங்கிலீஷ்தானே?"